மேனேஜரை வெளியே அனுப்ப முடியாது

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

போன மாதம் என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்து, "என்ன அத்தான், வெறும் மீன்தானா? பவளம் இல்லாம இதெல்லாம் ஒரு தொட்டியா?" என்று கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். மீன் மட்டும் வளர்ப்பவனுக்கு ஒரு வடிகட்டி, ஒரு ஹீட்டர், அழுக்கை நுரையாக்கித் தள்ளும் ஸ்கிம்மர், மீன் முகம் தெரிய ஒரு சின்ன விளக்கு போதும். உன் பவளத்துக்கோ வெயில் மாதிரி விளக்கு, அலையடிக்க மோட்டார், கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற பம்பு, தண்ணீரைச் சோதிக்கக் குப்பி குப்பியாக மருந்து. ஆபரேஷன் ஆன ஆளுக்குக்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது.

அப்படியும் உன் பேச்சைக் கேட்டு, நீ விட்டுப்போன விளக்கையும் மோட்டாரையும் மாட்டினேன். மோட்டாரைப் போட்டதும் மணல் கிளம்பித் தொட்டிக்குள் இருக்கும் மேனேஜர் முகத்தில் விழுந்தது, அவருக்குப் போட்ட இறால் வாய்க்கு எட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தது, அவர் மூலையில் ஒண்டிக்கொண்டு என்னை முறைத்தார், சரியென்று மோட்டாரைத் திருப்பினால் அலை விளிம்பைத் தாண்டி உன் அக்காவின் தையல் மிஷின்மேல் உப்புத் தண்ணீராக விழுந்தது. மேனேஜர் என்பது என் பேத்தை மீன். கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லோரையும் மிரட்டுவதால் அந்தப் பெயர். விளக்கின் புண்ணியத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்து, அந்த முகமும் மறைந்துவிட்டது. "ஒண்ணு இந்தத் தொட்டி இருக்கணும், இல்ல என் மிஷின் இருக்கணும்" என்கிறாள் உன் அக்கா.

நீ கொடுத்த பவளத் துண்டை மேனேஜர் ஒரே கடியில் பிய்த்துத் துப்பினார். போனில் சொன்னால், "அந்த மீனைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்கத்தான், பவளத்துக்கு ஆகாது" என்கிறாய். கொடுக்க மாட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் அறைக்குள் வந்தால் எதிரே ஓடி வருகிற ஒரே ஜீவன் அவர்தான். நீயோ வந்தால் கால்மேல் கால் போட்டபடி டிவி ரிமோட்டைக் கேட்கிறாய். உன் விளக்கையும் மோட்டாரையும் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

குழந்தைகளுக்கு ஆசிகள், உன் மனைவிக்கு அன்பு. உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மீன் மட்டுமே வளர்க்கும் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பாசியைத் துடைத்தேன். மேனேஜர் துப்பிய துண்டு, அவர் வாய் நுழையாத பாறை இடுக்கில் விழுந்து, விரல் நுனி அளவுக்கு விரிந்து அசைந்துகொண்டிருக்கிறது. என்ன அழகு தெரியுமா! மேனேஜரும் நானும் வெகுநேரம் பார்த்தோம். உன் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாவம், இதுக்குத் தனியா ஒரு தொட்டி வைங்க, மிஷினை நான் நகர்த்திக்கிறேன்" என்றாள். பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்தக் கால்சியம் பம்பை மறக்காதே. ரிமோட்டும் தருகிறேன்.