இளைத்த இரும்பு

உடம்பு இளைக்க இனி யாரும் வாயைக் கட்ட வேண்டாம். பிறந்த நேரத்தைச் சொன்னால் போதும். கலோரிச் சித்தர் கண்ணை மூடுவார், விரலை மடக்குவார், "உனக்குத் தினம் இரண்டாயிரத்து நூற்று ஒன்பது கலோரி" என்பார். அந்த ஒன்பதுதான் முக்கியம். இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர் பொய்யா சொல்வார்?

இரண்டாம் மாடிக்கூடம் பிதுங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் சனங்கள் ஏறி வந்தார்கள்.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஒரு துணி மூட்டையை அணைத்தபடி வரிசையில் நின்றார். முன்னால் அவர் மனைவி. அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. வீட்டுப் படியை ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். எட்டு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எடை எண்பத்தாறு. அங்கே உணவு ஆலோசகர் அம்மா உயரம், வயது, எடை, வீட்டில் செய்கிற வேலை எல்லாவற்றையும் கேட்டுக் கணக்குப் போட்டார். "உங்க உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கலோரி செலவாகுது. ஆயிரத்து நானூறு சாப்பிடுங்க. குறையுற ஐந்நூறை உடம்பே கொழுப்பிலேருந்து எடுத்துக்கும். வாரத்துக்கு அரை கிலோ போகும். நாலு மாசம் பொறுங்க."

நாலு மாதம். வலிக்கிறவளுக்கு அது நாலு வருஷம். சித்தரோ இரண்டே மாதம் என்றார். அவள் இங்கே வந்ததில் குமாஸ்தாவுக்குக் கோபமே வரவில்லை. படியில் அவள் பல்லைக் கடிப்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

கூடத்தில் இரண்டு எடை மெஷின்கள். புதிதாக வருபவர்களுக்குச் சிவப்புத் துணி விரித்தது. மாதம் ஒன்று முடிந்து வருபவர்களுக்குப் பச்சைத் துணி விரித்தது. போன மாதம் சிவப்பில் ஏறியபோது முள் தொண்ணூறு காட்டியது.

"ஆஸ்பத்திரியில எண்பத்தாறுதானே வந்துச்சு?" என்று கேட்டிருந்தார் குமாஸ்தா.

"அது சதையை மட்டும் நிறுக்கும். இது கெட்ட கலோரியையும் சேர்த்து நிறுக்கும்" என்றார் சித்தர். "இடையில வேற மெஷின்ல ஏறிடாதீங்க. போன எடை திரும்பி வந்திடும்."

நல்ல முன்னெச்சரிக்கை, அவருக்கு. அந்த மாதம் முழுவதும் அவள் சித்தர் சொன்ன இரண்டாயிரத்து நூற்று ஒன்பதுக்கு வஞ்சனையில்லாமல் சாப்பிட்டாள்.

இன்று பச்சையில் ஏறினாள். எண்பத்து நாலு.

"ஏங்க, ஆறு கிலோ போயிடுச்சு" என்று திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "இன்னும் ரெண்டுதான். நாளைக்கே டாக்டர்கிட்ட தேதி கேட்டுடலாம்."

அந்த முகத்தைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு முன்னே போனார்.

"இது யாருக்கு?" என்றார் சித்தர்.

"என் கூட ஆபீஸ்ல இருக்கிறவருக்கு சாமி. நடக்க முடியாது, அதான் தூக்கிட்டு வந்தேன்."

சிவப்பில் வைத்து மூட்டையை அவிழ்த்தார். உள்ளே இரும்பு எடைக்கல். தினமும் காலையில் பார்சல் ஆபீஸ் மெஷின் சரியாக நிற்கிறதா என்று பார்க்க முதலில் ஏற்றுகிற இருபது கிலோ கல். முள் இருபத்து நாலில் நின்றது. கல்லைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து பச்சையில் வைத்தார். பதினேழு.

"பத்தடியில ஏழு கிலோ இளைச்சிருக்கு சாமி. இத்தனைக்கும் பிறந்த நேரம்கூட நான் சொல்லல."

பின்னாலிருந்து ஒரு பெரிய மனிதர் கைகூப்பினார். "இரும்பையே இளைக்க வச்சிட்டாரே. நம்ம உடம்பெல்லாம் எம்மாத்திரம்."

சித்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அந்த இரும்புக்கு நம்பிக்கை இருக்கு. உனக்குத்தான் இல்ல" என்றார் குமாஸ்தாவிடம்.

நாலைந்து தலைகள் ஆடின. பகுத்தறிவுக்கு நேரம் சரியில்லை போலிருக்கிறது என்று குமாஸ்தா நினைத்தபோது அவர் மனைவி சுவரைப் பிடித்து நகர்ந்தாள். போய்ச் சிவப்பில் ஏறினாள். தொண்ணூற்றொன்று.

"பார்த்தியா, திரும்பி வந்திடுச்சு" என்றார் சித்தர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. விரலை மடக்கினாள். இந்த முறை கணக்கு அவளுடையது. "கல்லு இங்க நாலு கூட. அங்க மூணு கம்மி. அப்ப நான் எண்பத்தேழு. ஆஸ்பத்திரியில இருந்ததைவிட ஒரு கிலோ ஏறியிருக்கேன்." மெஷினை விட்டு இறங்கினாள். "ஒழுங்கா அந்த அம்மா சொன்னபடி சாப்பிட்டிருந்தா இந்நேரம் ரெண்டு கிலோ போயிருக்கும். ஒரு மாசம் போச்சேங்க. இந்த முட்டியோட இன்னும் ஒரு மாசம்."

அதற்குப் பிறகுதான் கூட்டம் அசைந்தது. ஒருவர் சிவப்பில் ஏறினார், உடனே பச்சையில் ஏறினார். ஏழு. அடுத்தவர். ஏழு. குண்டோ ஒல்லியோ, சித்தரின் அருள் எல்லோருக்கும் சரியாக ஏழே கிலோதான். ஐந்தாவது ஆள் இறங்குவதற்குள் சித்தர் பின்படி வழியாக ஓட்டம் பிடித்தார். அந்த மாதம் முழுவதும் அந்தக் கூடத்தில் உண்மையாகவே கலோரி எரித்தவர் அவர் ஒருவர்தான்.

குமாஸ்தா கல்லைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தாள். கைகூப்பிய பெரிய மனிதர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "அவரும் போயிட்டார். இனி நாங்க யாரைம்மா நம்புறது?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரை வேணா நம்புங்க. அதுக்கு முன்னால ரெண்டு மெஷின்லயும் ஏறிப் பாருங்க. முட்டி தேஞ்ச நானே ஏறினேன். உங்களுக்கு என்ன வலி?"