கல்மொடுலின் தோற்றுப்போன நாள்

மலையகத்தில் நடக்கும் அத்தனைக்கும் ஒரே காரணம் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். இப்போது ராகலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் நான் கணிதமும் அவர் உயிரியலும் படிப்பித்தோம். அவருடைய சொந்தப் பெயர் அதிபருக்கே மறந்துபோயிருந்தது. ஊருக்கெல்லாம் அவர் 'கல்மொடுலின்'.

அது நம் உடம்பின் கலங்களில் உள்ள ஒரு புரதம். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டை வைத்துத்தான் அதை விளக்குவார்.

"கல்சியம் வர்றது பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிக்கிற மாதிரிங்க. நாலு கல்சியத்தைப் புடிச்சதும் கங்காணி ஆளே மாறிடுவாரு. நீ கொழுந்துக்குப் போ, நீ புல்லுவெட்டப் போன்னு மத்த புரதங்களை வெரட்டுவாரு. அந்தக் கங்காணிதான் கல்மொடுலின்! அதை எழுதுறதுக்கு மூணு பரம்பரையலகு, அதான் ஜீன், இருக்கு. ஒண்ணுல பிழைன்னாலும் இதயம் தடுமாறும்."

"மத்த ரெண்டும் சரியாத்தானே எழுதுது?" என்று ஆங்கில டீச்சர் மடக்கினார்.

"மூணு கங்காணியில ஒருத்தன் குடிச்சிட்டு வந்தா போதாதாங்க, பெரட்டு கலைய?"

அதிபர் கூட்டத்தில் தூங்கினால் கல்மொடுலின். பஸ் குலுங்கி நின்றால் டிரைவர் காலில் கல்மொடுலின். என் மனைவி சுட்ட ரொட்டி கல்லாய் இருந்ததற்கு மட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். மற்றபடி எந்த வாதத்திலும் அவர் தோற்றதில்லை. வீடு தலவாக்கலையில் இருக்க, வாதம் முடியவில்லை என்று எதிர்ப்பக்கம் போகும் ஹட்டன் பஸ்ஸில் என்னோடு ஏறி வந்தவர் அவர்.

விளையாட்டுப் போட்டியில் என் மகள் தர்ஷினி ஓடிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள். காலையில் சாப்பிட்டேன் என்றாள். எல்லோரும் வெயில் என்றார்கள்.

கல்மொடுலின் மட்டும் வெளிறிப்போய் நின்றார். "ஓடுறப்ப விழுந்திருக்கு சார். அந்தப் பரம்பரையலகுல பிழைன்னா இப்படித்தான் இதயம் தாளம் தப்பும். படுக்கவச்சு ஈசிஜி எடுத்தா தெரியாது. டாக்டர்கிட்டச் சொல்லி ஓடவச்சுப் பாக்கணும். உயிர் விஷயம்!"

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரே வேன் பிடித்து வந்தார். வழி முழுக்க அந்தப் புரதத்தின் பெயரை அவர் எடுக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நெஞ்சில் வயர்களை ஒட்டி, மெஷினில் தர்ஷினியை ஓடவிட்டார்கள். கடைசியில் டாக்டர் வெளியே வந்தார்.

"இதயம் ரொம்ப நல்லா இருக்கு. மகள், உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

தர்ஷினி தலையைக் குனிந்தாள். "பிளேன்டீ மட்டுந்தான் டாக்டர். முதலாவதா வரணும்னு மாரியம்மாவுக்கு விரதம். வெளிய சொன்னா பலிக்காதுன்னுதான் மறைச்சேன்."

நான் கல்மொடுலினைப் பார்த்தேன். டாக்டரோடு வாதாடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தோத்துட்டேன் சார்! நான் சொன்னது சுத்தப் பிழை!" என்று குதித்தார். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மம பெரதுனா அம்மே!" என்று, தோற்றுப்போனதைச் சிங்களத்திலும் அறிவித்தார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் அவரை வாழ்த்தினார்.

பிறகு கன்டீனுக்கு ஓடி ரோல்ஸ் வாங்கி வந்தார். "தின்னு தாயி, தின்னு" என்று அவள் தின்று முடிக்கும்வரை கண்ணைத் துடைத்தபடியே பக்கத்தில் நின்றார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.