கட்டை சாரின் மானும் மயிலும்

காவிரியில் வெள்ளம் வந்தால் ஊர் கும்பிடும். கொள்ளிடத்தில் வந்தால் பயப்படும். எதில் வந்தாலும் கோணிப்பையோடு ஓடிய ஒரே மனிதர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக் கட்டை சார்தான். உத்தியோகம் ரயில்வேயில். உயிர், வெள்ளம் ஒதுக்கிய வேர்களிலும் கற்களிலும்.

வீட்டைச் சுற்றித் தோட்டம் முழுக்க அவற்றை நட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் கண்ணுக்கு ஓர் உருவம் தெரியும். உளியே படாது, கழுவித் துடைப்பதோடு சரி. தபால்காரரைக்கூட ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டாமல் விட மாட்டார்.

"நல்லா பாருங்க, மான் தெரியுதா?"

"தெரியுதுங்க சார்" என்பார் தபால்காரர், தெருக்கோடியைப் பார்த்தபடி.

சாரின் மனைவிக்குப் பொய் வராது. "எனக்கு விறகுதான் தெரியுது" என்பார். மழைக்காலத்தில் கட்டைகளையெல்லாம் நனையாமல் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு சார் தாழ்வாரத்தில் படுத்தால் அவரும் வேறென்ன சொல்வார்? நிஜத்தில் அந்த மான் அத்தனை அழகு. ஆனால் சார் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. யாராவது ஒருவர் தானாகக் கண்டு சொல்ல மாட்டாரா என்பதுதான் அவருடைய தீராத ஏக்கம்.

ஓர் ஐப்பசியில் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம். அடைமழை. காட்டூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியாயிற்று. வாங்கிப் போட்ட விறகு ஊறிப் போயிருந்தது. மண்ணில் வெட்டிய அடுப்பில் தண்ணீர். சமையல்காரர் கையைப் பிசைந்தார். பெண்ணைப் பெற்றவர் அழுதேவிட்டார்.

எட்டிப் பார்த்த கட்டை சார் வீட்டுக்குப் போனார். திரும்பியபோது தோளில் மான். அடுத்த நடையில் மயில். பிறகு ஒவ்வொன்றாக மற்ற கட்டைகளும். அடுப்புக் கூட்ட, யானை என்று அவர் காட்டும் கற்களையும் உருட்டி வந்தார்.

"ஐயோ, வேண்டாங்க சார்!" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"கல்யாணத்துக்கு வந்தவங்க பசியோட போகலாமாங்க? மானை முதல்ல வைங்க, நல்லா காஞ்சது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாம்பார் கொதித்தது. பாயசம் இறங்கியது. அப்பளம் பொரிக்கிற நேரத்தில் நெருப்பு அடங்கிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே கட்டையை எடுத்த சமையல்காரர், அதைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இதை அடுப்புல வைக்கக் கை வரலீங்க. யாரோ ஒரு அம்மா பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

கட்டை சார் சட்டென்று திரும்பினார். "நான் சொல்லவே இல்லையே! எப்படிங்க தெரிஞ்சுது?"

அப்பளம் இல்லாத பந்தியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் வெகுநேரம் முணுமுணுத்தார்கள். சார் காதில் எதுவும் விழவில்லை. பேரனைத் தூக்கி வைத்திருப்பவர் போல அந்தக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்து இலையில் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அப்பளம் இல்லாத அந்தச் சாப்பாடுதான் எனக்குக் கல்யாணச் சாப்பாடு.