அந்தோணிசாமி சாருக்கு நான் ஏற்றிய விளக்கு

இரங்கல் கூட்டத்துக்குத் தீ வைத்தவன் என்று திண்டிவனத்தில் யாரையாவது கை காட்டினால், அது நானாகத்தான் இருக்கும். வேண்டுமென்று வைக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு, ஒத்திகையெல்லாம் பார்த்துத்தான் வைத்தேன்.

அப்போது நான் விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். இந்தப் பாடத்தை வைத்துப் பிழைப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினோம். கல்லூரி ஆசிரியர்கள், சர்க்கரை ஆலை ஆய்வகத்துக்காரர்கள், குடிநீரைப் பரிசோதிப்பவர்கள் என்று ஓர் அறை நிறையும். (மருந்துக்கடைக்காரர் சங்கம் என்று நினைத்து இருமலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களும் உண்டு.) மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவோம். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் அதில் தப்பு கண்டுபிடிப்போம், பிறகு காப்பி குடிப்போம். அவ்வப்போது ஒலக்கூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்டுவோம்.

மன்றத்தைத் தொடங்கியவர் அந்தோணிசாமி சார், ஓய்வுபெற்ற பேராசிரியர். திண்டிவனத்தில் அவர் வீட்டு முன்னறையில்தான் எல்லாக் கூட்டமும் நடக்கும். பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்து நாற்காலிகளைப் போடுவார். தொடக்க நாளில் குத்துவிளக்கு ஏற்றுவதா மெழுகுவத்தி ஏற்றுவதா என்று பேச்சு எழுந்ததாம். இரண்டும் வேண்டாம், நம்ம சாமி வேறே என்று சொல்லி, சார் ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்து வைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் பர்மாங்கனேட். (கிணற்றில் போடுவார்களே, அந்த ஊதா உப்புதான்.) அதன் தலையில் சில சொட்டு கிளிசரின். சற்றுப் பொறுத்தால் தானாகப் புகைந்து, ஊதா நிறத்தில் தீ எழும்பும். கை தட்டுவோம். கூட்டம் தொடங்கியதாக அர்த்தம். அதைச் செய்யும் உரிமை சாருக்கு மட்டுமே உண்டு. கூட்டம் முடிந்து எழும்போது அவர் சட்டையில் எங்காவது அந்த உப்பின் கறை இருக்கும்.

சார் ஒரு புரட்டாசியில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அப்பா இல்லை. எனக்குப் பாடம் நடத்தியதும், கல்லூரி வேலைக்குச் சிபாரிசு செய்ததும், எனக்குப் பெண் பார்க்க வந்து பேசியதும் அவர்தான். அடக்கத்தன்று நான் அழுத அழுகையைப் பார்த்து, யார் இந்தப் பையன் என்று அவருடைய சொந்தக்காரர்களே விசாரித்தார்கள்.

சாரின் மகன் சேவியர் சென்னையில் இருந்தார். முன்னறையை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார். அம்மா சரி என்றால் சரி என்றும் சொன்னார். லூர்துமேரி அம்மாவோ இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் உள்ளே வந்ததில்லை. கதவிடுக்கு வழியாகக் காப்பித் தட்டை நீட்டுவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைப் புருஷனை எங்களுக்கு வாரிக் கொடுத்தவர் அவர். எங்கள்மேல் பிரியம் இருக்க நியாயமில்லை. அவர் முதன்முதலாக உட்காரப் போவது மார்கழியில் வைத்த இந்த இரங்கல் கூட்டத்தில். அது முடிந்ததும் அறையைப் பற்றித் தன் முடிவைச் சொல்வதாகத் தகவல் அனுப்பியிருந்தார். அந்த அறை போனால் மன்றமும் போய்விடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் செயலாளர். விளக்கேற்றும் வேலை என் தலையில் விழுந்தது. சாதாரணமாக ஏற்றினால் போதாது, இரண்டு நிமிட மௌனம் முடியும் அந்த நொடியில் தீ தானாக எழும்ப வேண்டும், அம்மா கண் கலங்க வேண்டும் என்று எனக்கொரு ஆசை. (சினிமா டைரக்டர் ஆகியிருக்க வேண்டியவன்.) உப்பை அரைக்காமல் பெரிய படிகமாகப் போட்டால் தாமதமாகத்தான் பற்றும். சமையலறையில், பருப்பு கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளவெல்லாம் சரிபார்த்தேன். பிரமாதமாக வந்தது. சாரின் படத்துக்கு முன்னால் எடுப்பாக இருக்கட்டும் என்று கூட்டத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

கூட்டத்தன்று அடைமழை. அறை சில்லென்றிருந்தது. மேசையில் சாரின் பெரிய படம், கோட்டும் டையுமாக. அதற்குச் சந்தனச் சீவல் மாலை. முன்னால் கிண்ணம். உப்பைக் குவித்தேன். குளிரில் இறுகியிருந்த கிளிசரின் மெல்ல மெல்ல இறங்கியது. எல்லாரும் எழுந்து தலை குனிந்தோம்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. தீ வரவில்லை. சூடான அடுப்படியில் எடுத்த கணக்கு மழைநாள் அறைக்குச் செல்லாது என்பது பதினோராம் வகுப்புப் பாடம். அதையே நான் கல்லூரியிலும் வருஷா வருஷம் நடத்திக்கொண்டிருந்தேன். விளக்கு எரியாமல் மௌனத்தை எப்படி முடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உட்காரவும் எங்களில் யாருக்கும் துணிவில்லை. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் சர்க்கரை ஆலை பூபாலன். கிளிசரின் பழசு, ஈரம் இழுத்துக்கினு இருக்கும் என்று கிசுகிசுத்தார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்து ஷகீலா மேடம், உப்பை ஏன் அரைக்கவில்லை என்று கேட்டார். பின்வரிசை ஒருவர், கிண்ணம் ஜில்லென்று சூட்டை உறிஞ்சுகிறது என்றார். ஐந்தே நிமிடத்தில் சாரை மறந்துவிட்டு எல்லாரும் கிண்ணத்தைச் சுற்றி நின்று சத்தமாகச் சண்டை போட்டோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவமானம் தாங்காமல் நான் குனிந்து பாட்டிலில் மிச்சமிருந்த கிளிசரின் முழுவதையும் கவிழ்த்துப் பேனாவால் கிளறினேன். மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் லேபை விட்டே துரத்தியிருப்பேன்.

புஸ்ஸென்று எழும்பியது பாருங்கள். சந்தன மாலை சரசரவென்று பற்றியது, படத்தின் கண்ணாடி வெடித்து ஓரம் கருகியது, என் வலது புருவம் போயிற்று. ஷகீலா மேடம் தண்ணீர்க் கூஜாவை அப்படியே மேசைமேல் கொட்டினார். தீ அணைந்தது. ஊதாத் தண்ணீர் உடைந்த கண்ணாடிக்குள் புகுந்து சாரின் கோட்டெல்லாம் கறையாக இறங்கியது. சேவியர் எழுந்து நின்று, "போதும் சார், எல்லாம் போதும்" என்றார்.

அறை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட, சாரின் முகத்தில் நானே கரி பூசிவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அம்மா எழுந்து வந்து படத்தைக் கையிலெடுத்தார். முந்தானையால் முகத்தை மட்டும் துடைத்தார். கோட்டைத் துடைக்கவில்லை.

"பொட்டியில வெச்சப்ப கோட்டு போட்டு, ஒரு அழுக்கில்லாம படுத்துக்கினு இருந்தாரு. யாரோ ஆம்பளைய காட்டி அழச் சொன்னாப்பல இருந்துச்சு, அழுவையே வரல" என்றார். பிறகு கறையைத் தடவிப் பார்த்தார். "இப்பதான் எங்க வூட்டுக்காரரு வந்துக்கினு இருக்காரு."

சொல்லிவிட்டு, படத்தை மார்போடு வைத்துக்கொண்டு, மூன்று மாதமாக அழாத அழுகையை அங்கேயே அழுதார். சேவியர் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நின்றோம். அந்த மௌனத்துக்கு யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் மகனிடம், ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடு என்றார். என்னிடம், "தம்பி, புருவத்துக்குத் தேங்கா எண்ண தடவுங்க" என்றார். அடுத்த மாதத்திலிருந்து அம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டுத் தருவதாகச் சொன்னோம். கண்ணாடியை மட்டும் போடுங்க, படத்த மாத்தாதீங்க என்றார். கறைபட்ட கோட்டோடு சார் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறார்.

எவ்வளவோ எண்ணெய் தடவியும் புருவம் பாதிதான் முளைத்தது. போன வருஷம் என் மகள் கல்யாணத்துக்குப் புகைப்படக்காரர், "அப்பா கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்புங்க, அந்தப் புருவம் சரியா வுழல" என்றார். மேடையில் நின்ற என் மனைவி சம்பந்தி காதில் விழும்படி, "வுடுங்க, அது அவங்க வாத்தியாருக்குக் குடுத்தது" என்றாள்.