மலை சூடாகிறது

திரையில் 'மலை' சிவந்துகொண்டிருந்தது.

மலை உச்சிக் கோபுரத்தின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி. அந்த வட்டாரத்துப் போன்களுக்கெல்லாம் அதுதான் உயிர். அதை ஆட்டுவிப்பவன் நகரத்து அலுவலகத்தில், ஜன்னலோர நாற்காலியில் இருந்தான். பெயர் என்னவோ இருந்தது. எல்லாரும் 'ரிமோட்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டியை நெட்வொர்க்கில் எங்கே செருகினாலும் 'மலை' என்று தன் பெயரைத் தானே திரையில் சொல்லும். அதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்? மலையை அவன் கண்ணால் கண்டதில்லை.

காணும் ஆசையும் இல்லை. இன்னொரு தடவை மலை படுத்தால் அவனை மேலேயே குடிவைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மனைவிக்கு நிறைமாதம்.

வெப்பம் ஏறியது. பெட்டிக்குள் இருக்கும் ஃபேனை முழு வேகத்தில் சுற்றச் சொல்லிக் கட்டளை அனுப்பினான்.

கூட்டித் துடைக்கும் அக்கா அன்று மும்முரமாக இருந்தார். அவனுக்குப் பின்னால் ரிப்பேர் பெஞ்சில் கிடந்த சாமான்களைத் துடைத்து, தூசி படாமல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தியிருந்தார். அதற்கடியில் ஏதோ ஊளையிட ஆரம்பித்தது. அந்தப் பெஞ்சில் எப்போதும் ஏதாவது கத்தும்.

வெப்பம் இன்னும் ஏறியது. இங்கிருந்தே பெட்டியை அணைத்து எழுப்பினான். எழுந்தது, முன்னைவிடச் சூடாக. பின்னால் ஊளை கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பிடித்துக்கொண்டது.

"அக்கா, அதை அணைச்சுத் தொலைங்களேன். மண்டை காயுது."

"எதத் தம்பி?"

"எது கத்துதோ அத."

திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. கடைசி முயற்சியாக, பெட்டியின் பாதி வேலையை நிறுத்தும் கட்டளையை அடித்தான். கொஞ்சம் பிசகினாலும் தொடர்பே அறுந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எண்டரைத் தட்டினான்.

பின்னால் 'டக்' என்று ஒரு சுவிட்ச் சத்தம்; ஊளை நின்றது. அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் திறந்தான். திரையில் மலை இல்லை.

கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். கிணற்றில் போட்ட கல்.

உட்கார்ந்திருந்த கிளையைத் தானே வெட்டிக்கொண்டது புரிந்தது. மேலே யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னான்.

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாயங்கால வண்டிக்கே கிளம்பு, போய் அங்கேயே இரு என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மலை மக்களுக்கு மன்னிப்புச் செய்தி எழுத உட்கார்ந்தார்.

நாற்காலிக்குத் திரும்பி மனைவியை அழைத்தான்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"பேராவது யோசிச்சு வச்சுட்டுப் போங்க. பெத்துக்கறத நான் பாத்துக்கறேன்" என்றாள். ஸ்வெட்டரைத் தேடப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு போன் அடித்தது. மலைக் கோபுரத்துக் காவலாளி. செத்துக்கிடக்கும் மலையிலிருந்து இவர் எப்படிப் பேசுகிறார் என்று அவன் யோசிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சார், புதுப் பெட்டி இங்க ஜோரா ஓடுது, இன்னும் பேர்தான் வைக்கல, போன வாரம் ரிப்பேருக்குக் கழட்டி அனுப்பின பழச உங்க ரூம் பெஞ்சுலயே சொருகி வச்சிருக்காங்களாம், இப்ப எப்படி இருக்குன்னு கேக்கத்தான் போட்டேன்."