குப்பை கிடைக்காத முகாம்

ஐந்தருவியில் கல்லூரிப் பேருந்தை விட்டு இறங்கினார் உமாராணி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு ஷாம்பு கவர்கூட இல்லை.

பேருந்துக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அங்கும் இல்லை.

போன புதன்கிழமை வந்து பார்த்தபோது இந்த இடம் எவ்வளவு நன்றாக இருந்தது! எண்ணெய் பாட்டில், சோப்பு உறை, யாரோ அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன ஈர டவுசர் என்று ஒரு துப்புரவு முகாமுக்கு வேண்டிய எல்லாமே கிடந்தன. இன்று ஐம்பது மாணவிகள் நீலத் தொப்பியும் ரப்பர் கையுறையும் ஆளுக்கொரு விளக்குமாறுமாக வந்து நிற்கிறார்கள். இடமோ கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது.

"மிஸ், எதைப் பெருக்க?" என்றாள் என்.எஸ்.எஸ். தலைவி வேல்விழி.

அது என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியரான உமாராணிக்கே தெரியவில்லை. மூன்று வருஷம் கெஞ்சி வாங்கிய அனுமதி இது. "பிள்ளைகள மொத தடவையா வெளிய அனுப்புதேன். பத்து மணிக்கு நானே வந்து பாப்பேன். உருப்படியா நடக்கலன்னா அடுத்த வருஷத்துல இருந்து சேவையெல்லாம் காம்பவுண்டுக்குள்ளதான்" என்று கறாராகச் சொல்லியிருந்தார் முதல்வர் சுகந்தி. காம்பவுண்டுக்குள் என்றால் வேப்பமரத்துக்கு வெள்ளையடிப்பது. இந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டை விட்டால் கல்லூரி, கல்லூரியை விட்டால் வீடு. காலையில் பேருந்தில் அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டபோதே, இது நின்றுபோகக் கூடாதே என்று உமாராணி வேண்டிக்கொண்டிருந்தார்.

சற்றுத் தள்ளி, துப்புரவுப் பணியாளர் குருவம்மாள் கடைசிக் கூடையைத் தள்ளுவண்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா பெருக்குனீங்க?"

"ஆமா டீச்சர். சுத்தமா இருக்கா?"

"ரொம்ப" என்றார் உமாராணி, அழாக்குறையாக.

வேறு வழியில்லாமல் நேந்திரம் சிப்ஸ் கடை பரீதுவிடம் போனார். "பாய், கொஞ்சம் குப்பை கிடைக்குமா?"

இருபது வருஷ வியாபாரத்தில் பரீதுவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "எவ்வளவு வேணும் டீச்சரம்மா?" என்றார், பழக்க தோஷத்தில்.

இரண்டு மூட்டை கொடுத்தார். ஒன்றைப் பிரித்து மாணவிகள் கோலம் போடும் அக்கறையோடு இறைத்தார்கள். "ஏட்டி, அங்கன வெறிச்சுன்னு கிடக்கு பாரு. இன்னும் நாலு டீ கப்பைப் போடு" என்று வேல்விழி மேற்பார்வை செய்தாள். உமாராணி 'முகாமுக்கு முன்' என்று ஒரு படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் குருவம்மாள் பாதியைப் பெருக்கி முடித்திருந்தார்.

"யக்கா! அது நாங்க பெருக்க வேண்டியது!"

"படிக்கிற பிள்ளைக வாரியலப் பிடிச்சுக் குனிஞ்சு பெருக்கவா? நல்லாருக்கே! நீங்க அருவியப் பாத்துட்டுப் போங்க" என்று மீதியையும் வாரிக்கொண்டார்.

உமாராணி அவரைக் கையோடு அழைத்துப்போய்ப் பரீது கடையில் உட்கார வைத்து, ஒரு டீயும் இரண்டு வடையும் சொல்லிவிட்டு ஓடி வந்தார். இரண்டாவது மூட்டை அவிழ்ந்தது. சிப்ஸ் வாசனைக்குக் குரங்குகளும் வந்து சேர்ந்தன. அவை ஆளுக்கொரு கவரை இழுத்துப் பாதை முழுக்கக் கிழித்துப் போட்டன. அந்த நேரம் பார்த்துக் குளிக்க வந்த ஒரு புண்ணியவான் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

குரங்குகளை விரட்டிக்கொண்டிருக்கும்போதே, கால் மணி நேரத்தில் முதல்வரிடமிருந்து அழைப்பு.

"உமாராணி, எனக்கு ஒரு வீடியோ வந்திருக்கு. அருவிக்கரை பூரா குப்பை, நடுவுல நம்ம பிள்ளைக. அதுகதான் கொட்டுச்சுன்னு ஊரே திட்டுது. நான் மேலகரம் தாண்டிட்டேன், பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்."

"பெருக்குங்க!" என்று அலறினார் உமாராணி. ஐம்பது விளக்குமாறும் ஐம்பது திசையில் போயின. சாரலில் நனைந்த தரையில் காகிதம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார் குருவம்மாள். "விடுங்க, விடுங்க" என்று எல்லோரையும் ஒதுக்கிவிட்டு ஒற்றை ஆளாய் இறங்கினார். முதல்வரின் கார் வந்து நின்றபோது ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"யார் கொட்டுனது?" என்றார் முதல்வர்.

உமாராணி வாயைத் திறப்பதற்குள் குருவம்மாள் முந்திக்கொண்டார். "குரங்குதாம்மா. மூட்டையப் பிச்சுப் போட்டுட்டு. பாவம், இந்தப் பிள்ளைகதான் அம்புட்டையும் அள்ளுச்சு."

கடைக் கூரையில் ஒரு குரங்கு நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. முதல்வரின் முகம் இளகியது. "அடுத்த வருஷம் பழைய குற்றாலத்தையும் சேத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

மாணவிகள் கத்திக்கொண்டே பேருந்தில் ஏறினார்கள். உமாராணி குருவம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"எங்களக் காப்பாத்திட்டீங்கக்கா. ஆனா எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்? காலையில இருந்து ஒரு பிள்ளையக்கூடப் பெருக்க விடலையே?"

குருவம்மாள் பேருந்தைப் பார்த்தார். ஜன்னல் முழுக்க நீலத் தொப்பிகள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அதுல ஒண்ணு எம் மவ டீச்சர், எதுன்னு கேக்காதீங்க. அவ கையில வாரியலக் குடுக்கவா நான் இத்தன வருசமா பெருக்குதேன்?"