எழில்வேந்தன் இடுப்புத்துணி நின்ற காதை

மணிமுத்தாறு மணல் கொழிக்கும் முதுகுன்ற மாநகரில், சூளைப்புகை மேகமெனக் கவியும் பீங்கான் தொழிற்பேட்டையின் சரக்குக் கூடத்தில், வைக்கோலே கவசமாகவும் சணலே பாசக்கயிறாகவும் கொண்டு, ஊறுகாய் ஜாடிகளையும் தேநீர்க் கோப்பைகளையும் பொதிந்து கட்டிப் பம்பாய் வரை அனுப்பியும் ஒன்றிலேனும் கீறல் விழ விடாத பெருங்கையன், முடிச்சுவேந்தன், கட்டவிழாக் கட்டழகன் ராஜாங்கம் வாழ்க. அவன் அரைக்கு மேல் அணிந்த கைவைத்த பனியன் வாழ்க. அரைக்குக் கீழ் அணிந்ததைப் பற்றி இப்போது பேச்செடுக்க வேண்டாம். அது வர வேண்டிய இடத்தில் தானே வரும்.

வெண்டாமரையில் வீற்றிருக்கும் தாயே, மற்றவர்களுக்குத் தேரும் களிறும் பாட நாவைக் கொடுத்தாய். அடியேனுக்குக் கிடைத்தது ஒரு முழத் துணி. கிடைத்ததை வைத்துப் பாடுகிறேன், குறை சொல்லாதே.

ராஜாங்கத்தை எதிர்த்து நின்ற மாற்றான் எவன் என்றால், அவன் பெற்ற மகனே. எட்டுத் திங்கள் நிரம்பிய எழில்வேந்தன், தவழ்நடைக் கோமான், பல்லிரண்டு பெருவீரன். இவனுக்கு இடுப்பு என்று ஒன்று இல்லை. மார்புக்குக் கீழே வயிறு, வயிற்றுக்குக் கீழே தொடை, அவ்வளவுதான். நடுவில் துணி தங்க ஒரு விளிம்பு உண்டா என்றால் பூசணிக்காய்க்கு உண்டா, சொல்லுங்கள். இப்படிப்பட்ட இடுப்பிலிகளுக்காகத்தான் நம்மவர்கள் அரைஞாண் கயிறு கட்டினார்கள். கயிற்றைச் சுற்று, துணியை முன்னே செருகு, பின்னே செருகு, போய் வேலையைப் பார்.

ஆனால் நம் நாயகனோ பகுத்தறிவுச் செம்மல். இருபது வயதில் பாலக்கரைக் கூட்டமொன்றில் தன் அரைஞாணைத் தானே அறுத்து மேடையில் வீசிக் கைத்தட்டு வாங்கியவன். மகனுக்குப் பேர் வைத்த நாளில் பெண்வீட்டார் கறுப்புக் கயிறு கொண்டுவந்தபோது, வந்த சனம் முழுவதும் கேட்க அவன் முழங்கினான்: “என் மைந்தன் இடையில் மூடநம்பிக்கை ஏறாது. கயிறு கட்டிக் காக்க அவன் கன்றுக்குட்டி அல்லன். இது என் ஆணை.” அன்றிலிருந்து மனைவி அம்புஜவல்லி துணியோடு சேர்த்துப் பாயையும் துவைத்தாள்.

அந்த அம்புஜவல்லிக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. தட்டச்சு லோயர் பாஸ் பண்ண வேண்டும். மாசியிலேயே சிதம்பரம் போய் எழுதியிருக்க வேண்டியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை என்று மூவருமாகப் பஸ் ஏறினார்கள். வழியில் துணி மாற்றும் பொறுப்பைத் தோள் தட்டி ஏற்றான் ராஜாங்கம். சேத்தியாத்தோப்பு வருவதற்குள் அவன் கட்டிய கட்டு கழன்றது. பக்கத்து இருக்கையில் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் கஞ்சி மொடமொடத்த வேட்டியின் மேல் எழில்வேந்தன் தன் அரச முத்திரையைப் பொறித்தான். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் ஒருசேர எழுந்தார்கள். கண்டக்டர் பக்கிரி விசிலை ஊதி மூவரையும் இறக்கிவிட்டான். அடுத்த பஸ் பிடித்துப் போனால் பரீட்சை பாதி முடிந்திருந்தது.

இப்போது ஆவணி. மறுபடியும் பரீட்சை, அதே பஸ், காலை ஏழே கால். ஆறு மணிக்கே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு அம்புஜவல்லி பிள்ளையைப் பாயில் கிடத்தினாள்.

“இங்க பாருங்க. நான் உள்ள டைப் அடிக்கும்போது புள்ளைக்குத் துணி மாத்தப் போறது நீங்கதான். இப்பவே கட்டிக் காட்டுங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னா நான் வரேன். இல்லன்னா எனக்குப் பரீட்சையே வேணாம், புஸ்தகத்தைப் பரண்ல போட்டுடறேன்.”

நாயகன் நகைத்தான். “பம்பாய் வரை சென்றும் அவிழாத கட்டு, ஒரு பாலகனிடமா அவிழும்? கொணர்க துணியை.”

நாயகனின் பழைய வேட்டியைக் கிழித்த துணிகள் பத்து. ஆறு, பயணப்பைக்குள் போயின. நான்கு, போர்க்களம் புகுந்தன.

முதல் துணியை முக்கோணமாக மடித்தான். கால்களுக்கிடையே ஒரு முனையை ஏற்றி, இருபுறமும் இழுத்து, தொடையோரம் இரு முடிச்சிட்டு, கை தட்டி எழுந்தான். எழில்வேந்தன் ஒருமுறை குப்புறப் புரண்டான். ஒருமுறை தவழ்ந்தான். வாழைப்பழம் தோலைவிட்டு வருவதுபோல் துணியைவிட்டு வெளியே வந்தான். அடுப்படிவரை சென்று அரிசி களைந்த தண்ணீரில் கையை விட்டு அளைந்தான். முடிச்சுகள் இரண்டும் அவிழாமல் பாயிலேயே கிடந்தன, உள்ளே ஆள்தான் இல்லை.

கூச்சல் கேட்டு அடுத்த வீட்டுப் பதுருன்னிசா வந்தாள். மங்கலம்பேட்டைப் பெண். குவைத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் அனுப்பிய ஊக்குகள் இரண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மஞ்சள் வாத்துத் தலை வைத்த பெரிய ஊக்குகள்.

“இந்தாங்கண்ணே. வாத்து வாய மூடிட்டா அப்புறம் தொறக்காது.”

வாத்துப்படை துணைவர இரண்டாம் போர் மூண்டது. குத்தினால் பிள்ளைமேல் பட்டுவிடுமோ என்று நடுங்கி, தன் வயிற்றோடு பிள்ளையை அணைத்து, விரலைக் கேடயமாகக் கொடுத்து, இரண்டு குத்துத் தன் கட்டைவிரலில் வாங்கிக்கொண்டு, ஒருவழியாக ஊக்கைப் பூட்டினான் ராஜாங்கம். பிறகு பிள்ளையைப் பாயில் விட்டான். பிள்ளை போகவில்லை. துணியையும் தன் பனியனையும் சேர்த்துக் குத்தியிருந்தான் மாவீரன். வாத்து வாயைத் திறக்கப் பதுருன்னிசாவே கை கொடுக்க வேண்டியதாயிற்று, அதற்குள் பனியனும் துணியும் சேர்ந்தே நனைந்தன.

மணி ஆறரை. மீசை துடித்தது. மூலையில் கிடந்த சணல் உருண்டை கண்ணில் பட்டது. இனி வித்தையைக் காட்டாமல் விடுவதில்லை என்று மூன்றாம் துணியைச் சுற்றி, நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, நடுவில் பொதிமுடிச்சு என்று பம்பாய்க் கட்டையே போட்டான். கட்டி முடித்த வேகத்தில், மேல்பக்கம் இது, பத்திரம் என்று எழுத அவன் கை கரித்துண்டைத் தேடியது. அம்புஜவல்லி கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊறுகாய் ஜாடிபோல் உட்கார்ந்திருந்த எழில்வேந்தன் ஒரு கணம் திகைத்தான். அப்புறம் நிதானமாக, ஆனந்தமாக, ஒன்றுக்கு விட்டான். நனைந்த சணல் இறுகும் என்பது சரக்குக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே நாயகன் படித்த பாடம். ஜாடி ஒன்றுக்குப் போகாது என்பதால் அது இத்தனை வருஷம் உதவவில்லை. கத்தரிக்கோலால் நறுக்கிப் பிள்ளையை மீட்டார்கள். அம்புஜவல்லி போய்த் தட்டச்சுப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பரணைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை நாயகனை வாட்டியது.

“அண்ணே, எங்க வூட்டுப் புள்ளைக்கும் அரணாக்கவுறு கட்டித்தான் இருக்குது” என்றாள் பதுருன்னிசா. “வேண்டுதலுக்கா கட்டினோம்? துணி நிக்கத்தான்.”

கடல் கொந்தளிக்கவில்லை, மலை பிளக்கவில்லை. ராஜாங்கத்தின் நெஞ்சுக்குள் பாலக்கரை மேடை மட்டும் ஒருமுறை ஆடி நின்றது. அவன் மனைவியின் பெட்டியைத் தானே திறந்தான். புதுப் பாவாடை நாடா ஒன்றை உருவினான். மகனுக்கு இல்லாத இடுப்பில் அதைச் சுற்றி முடிந்து, நான்காம் துணியை முன்னே செருகி, பின்னே செருகி, எழுந்து நின்று முழங்கினான்: “இஃது அரைஞாண் அன்று. சரக்குக் கட்டும் கயிறு. அனைவரும் குறித்துக்கொள்க.”

“சரிங்க. சரக்குக் கயிறுதான்” என்றாள் அம்புஜவல்லி. புரண்டான் பாலகன், நின்றது துணி. தவழ்ந்தான், நின்றது. ஏழே காலுக்குப் பஸ் வந்தது, அப்போதும் நின்றது. பக்கிரி மட்டும் படியிலேயே மறித்துப் பிள்ளையின் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “நாடா போட்டிருக்குது, ஏறுங்க” என்றான்.

சிதம்பரத்தில் பரீட்சைக் கூடத்தின் வெளியே ஒரு புங்கமரம். அதனடியில் பிள்ளையோடு நின்றான் நாயகன். இருமுறை நனைத்தான் மகன், இருமுறை மாற்றிச் செருகினான் தந்தை, இருமுறையும் நாடா வென்றது. கடைசியில் பிள்ளை அவன் தோளில் சாய்ந்து உறங்கிப்போனான். உள்ளே மணி அடித்தது. வேகத்தேர்வு, பத்தே நிமிஷம். ஐம்பது மெஷின்கள் ஆலங்கட்டி மழையாய்ப் பொழிய, சன்னலோரத்தில் அம்புஜவல்லியின் விரல்கள் பறந்தன.

அப்போதுதான், கேளுங்கள், நாயகனின் வேட்டி நெகிழ்ந்தது.

ஒரு கை பிள்ளையின் முதுகில், ஒரு கை பிள்ளையின் அடியில். எந்தக் கையை எடுத்தாலும் பிள்ளை விழிப்பான், விழித்தால் வீறிடுவான், வீறிட்டால் சன்னலோரத்து விரல்கள் நின்றுபோகும். வேட்டியைச் செருகித் தாங்க இடுப்பில் ஒரு கயிறு இருந்தால் கவலையில்லை. அதைத்தான் பாலக்கரையில் கைத்தட்டுக்குக் கொடுத்தாயிற்றே. எதிரே காவலாளி, தண்ணீர்க்காரி, தத்தம் மகள்களுக்காகக் காத்திருக்கும் தகப்பன்மார் ஒன்பது பேர். இரண்டு முழங்கைகளாலும் வேட்டியை அழுத்திப் பார்த்தான். மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துப் பார்த்தான். பிள்ளை சிணுங்கியது. ராஜாங்கம் முழங்கையை எடுத்தான், மூச்சை விட்டான், வேட்டி புங்கமரத்தடியில் விழுந்தது.

பட்டாபட்டி டிராயரோடு, மகனைத் தோளில் ஏந்தி, தலை குனியாமல், மீசை தாழாமல், மீதி ஏழு நிமிஷமும் அசையாது நின்றான் ஐயா அவன். முடிபுனைந்து நின்ற மன்னர் எத்தனையோ பேர் உண்டு. முழு வேட்டியையும் விட்டு நின்றவன் என் நாயகன் ஒருவனே என்று தெற்கும் வடக்கும் கேட்கக் கூவுவேன்.

மணி அடித்தது. வெளியே ஓடிவந்த அம்புஜவல்லி மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஒரு வரி விடாம அடிச்சிட்டேங்க” என்றாள். பிறகு கீழே பார்த்தாள். “புள்ளைத் துணி நிக்குது. உங்களுது எங்கங்க?”

சொல்லும்போதே சிரிப்பு வந்தது அவளுக்கு, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. குனிந்து வேட்டியை எடுத்து, ஒன்பது தகப்பன்மார் பார்க்க, பிள்ளையை எழுப்பாமல் கணவன் இடுப்பில் சுற்றி, செருக இடம் தேடி, இல்லாமல், பயணப்பையில் போட்டுவந்த வாத்து ஊக்கால் குத்திவிட்டாள்.

மறுநாள் காலையில் ராஜாங்கம் கடைத்தெருவுக்குப் போய் அரைஞாண் கயிறு இரண்டு வாங்கி வந்தான்.